சொந்த ஓவியங்களால் பயிற்றுவித்த லோரா: எந்தக் காட்சியைக் கேட்டாலும் வெள்ளைப் பின்னணியே வருகிறது

கோட்டோவியன் கேட்டது:

வணக்கம். நான் வரைந்துவரும் படக்கதையின் நாயகியை வெவ்வேறு காட்சிகளில் உருவாக்கிப் பார்ப்பதற்காக, எஸ்டிஎக்ஸ்எல் என்ற பட உருவாக்க ஏஐ மாடலின் மேல் ஒரு லோராவை (மாடலுக்குப் புதிய பாத்திரத்தைக் கற்பிக்கும் சிறிய இணைப்புக் கோப்பு) பயிற்றுவித்திருக்கிறேன். கொடுத்த நாற்பது படங்களும் என் கைப்பட வரைந்து ஸ்கேன் செய்தவை. ஒற்றைப் பின்னலும், இடது புருவத்தின் மேல் உள்ள சிறிய வெட்டுத் தழும்பும் அவளுடைய அடையாளங்கள். முகச்சாயல் நன்றாகவே வருகிறது. ஆனால் காடு, கடைத்தெரு, மழை என்று எதைக் கேட்டாலும் பின்னணி வெள்ளைத் தாளாகவே இருக்கிறது. அவளும் கைகளைத் தொங்கவிட்டபடி நேராகவே நிற்கிறாள். தழும்பு சில படங்களில் வலது புருவத்துக்கு இடம் மாறிவிடுகிறது, முழு உருவப் படங்களில் காணாமலே போய்விடுகிறது. எல்லாப் படங்களுக்கும் நாயகியின் பெயரை மட்டுமே கேப்ஷனாக, அதாவது படத்தோடு தரும் விளக்க வரியாக, கொடுத்திருந்தேன். இன்னும் படங்களைச் சேர்த்தால் சரியாகுமா, அல்லது கோளாறு வேறு எங்காவது இருக்கிறதா?

பிக்சல்வாசி எழுதியது:

முதலில் பார்க்க வேண்டியது கேப்ஷனைத்தான். பயிற்சிப் படங்கள் அனைத்திலும் பொதுவாக இருந்து, கேப்ஷனில் சொல்லப்படாமல் விடப்படும் எதுவும் அந்தப் பெயரோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் மாடலைப் பொறுத்தவரை பின்னல், தழும்பு, வெள்ளைத் தாள், நேராக நிற்கும் நிலை ஆகிய எல்லாமே அவள்தான். எது அவளுடையது, எது தாளுடையது என்று பிரித்தறிய அதற்கு வழியே இல்லை. ஆகவே மாற வேண்டியவற்றைக் கேப்ஷனில் எழுதுங்கள், மாறக் கூடாதவற்றை எழுதாமல் விடுங்கள். நாயகியை வரவழைக்கும் டிரிகர் சொல்லை முதலில் வைத்து, “[டிரிகர் சொல்], நேராக நிற்கிறாள், கைகள் தொங்குகின்றன, நீலப் பாவாடை, வெறும் வெள்ளைப் பின்னணி” என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினால் போதும். பின்னலும் தழும்பும் அதில் வரவே கூடாது. டிரிகர் சொல்லாக வழக்கிலுள்ள பெயரை வைக்காமல், வேறெங்கும் காண முடியாத ஓர் எழுத்துக் கோவையை வைப்பது நல்லது. பழகிய பெயருக்கு அடிப்படை மாடல் ஏற்கெனவே ஒரு முகத்தைக் கற்று வைத்திருக்கக்கூடும்.

அடுக்குமாறன் எழுதியது:

மேலே சொன்னது சரி என்றாலும், கேப்ஷன் மட்டும் இதைத் தீர்த்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. நாற்பதிலும் வெள்ளைப் பின்னணிதான் என்றால், அதைச் சொல்லி வைத்தாலும் ஒப்பிட்டுக் கற்பதற்கு மாற்றுப் படம் ஒன்றுகூட இல்லை. ஒன்றுபோல நிற்கும் படங்களில் பாதியை நீக்கிவிட்டு, உட்கார்ந்தும் ஓடியும் திரும்பிப் பார்த்தும் இருக்கும்படி, பின்னணியோடு பத்துப் படங்களைப் புதிதாக வரைந்து சேருங்கள். எண்ணிக்கை குறைவது பற்றிக் கவலை வேண்டாம். 2022-இல் வெளிவந்த ட்ரீம்பூத் என்ற பயிற்சி முறையே மூன்று முதல் ஐந்து படங்களைக் கொண்டு ஒரு பொருளைக் கற்பிக்க முடியும் என்று காட்டியது.

தழும்பு இடம் மாறுவதற்குக் காரணம், பயிற்சியின்போது படங்களை இடவலமாகப் புரட்டும் ஃப்ளிப் வசதி இயங்கிக்கொண்டிருப்பதாகவே இருக்க வேண்டும். ஒருபக்க அடையாளம் உள்ள பாத்திரத்துக்கு அதை நிறுத்திவிடுவதே முறை.

அது காணாமல் போவதன் கதை வேறு. ஏ4 தாளை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 பிக்சல் கிடைக்கும்; தாளில் ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள தழும்பு அதில் ஏறத்தாழ 18 பிக்சல். பயிற்சிக்காகப் படத்தை 832க்கு 1216 என்ற அளவுக்குச் சுருக்கும்போது அது 6 பிக்சலாகிவிடுகிறது. அதன் பிறகு, ஒவ்வொரு பக்கத்திலும் எட்டுப் பிக்சலை ஒரு புள்ளியாக ஒடுக்கும் விஏஇ என்ற மாடல் பகுதியின் வழியாகப் படம் செல்வதால், உங்கள் தழும்பு ஒரு புள்ளிக்குள்ளேயே கரைந்துபோகும். கற்பதற்கு அங்கே பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. எனவே சுருக்குவதற்கு முன்பே, மூல ஸ்கேனிலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்து ஐந்தாறு அண்மைப் படங்களாகச் சேர்த்து, கேப்ஷனில் அண்மைப் படம் என்று குறிப்பிட்டுவிடுங்கள்.

ரேங்க் (லோராவின் கொள்ளளவு) 16, லேர்னிங் ரேட் (கற்கும் வேகம்) 0.0001 என்று தொடங்கலாம். ஒவ்வொரு எபோக்கின் (எல்லாப் படங்களையும் ஒருமுறை கற்கும் சுற்று) முடிவிலும் கோப்பைச் சேமித்து, ஒரே சீட் (தொடக்க எண்), ஒரே பிராம்ப்ட் (படத்தைக் கேட்கும் வரி) கொண்டு எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பயிற்சியில் நேரும் பிழையின் அளவைக் காட்டும் லாஸ் வரைபடத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை: ஒவ்வொரு படியிலும் பயிற்சிப் படத்தில் எவ்வளவு இரைச்சல் (தாறுமாறான புள்ளிகள்) கலக்கப்படுகிறது என்பது தற்செயலாக அமைவதால், அந்தக் கோடு ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பெரும்பாலும் கடைசிக் கோப்பைவிட நடுவில் உள்ள ஒன்றுதான் கேட்ட காட்சிக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும்.

கோட்டோவியன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஃப்ளிப் இயங்கிக்கொண்டுதான் இருந்தது, நிறுத்திவிட்டேன். பின்னணியுள்ள பத்துப் படங்களைக் கையால் வரைய நாளாகும் என்பதால் ஒரு துணைக்கேள்வி: இப்போதைய லோரா தரும் படங்களில் நன்றாக வந்தவற்றையே மறுபடியும் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளலாமா?

பிக்சல்வாசி எழுதியது:

அளவோடு சேர்க்கலாம், ஆனால் அப்படியே சேர்க்க வேண்டாம். உருவாக்கிய படத்தில் உங்கள் கோட்டோடு அடிப்படை மாடலின் வழவழப்பும் கலந்திருக்கும். அதையே திரும்பத் திரும்ப ஊட்டினால் உங்கள் பேனாவின் தடிப்பும் நடுக்கமும் சுற்றுக்குச் சுற்று மங்கிவிடும். நல்ல அமைப்புள்ள சிலவற்றை அச்செடுத்து, அவற்றின் மேல் உங்கள் பேனாவாலேயே மறுபடி வரைந்து ஸ்கேன் செய்யுங்கள். காட்சியமைப்புக்கான உழைப்பு மிச்சமாகும், கோடும் உங்களுடையதாகவே இருக்கும்.

அதுவரை, கையில் இருக்கும் லோராவின் வலுவை 1-லிருந்து 0.7 அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். முகச்சாயல் சற்றுத் தளர்ந்தாலும், காடும் மழையும் எட்டிப்பார்க்கத் தொடங்கும்.