விண்டோஸ் ரீசெற் செய்த பிறகு லப்டொப் சரியான மந்தம், டிஸ்க் 100 வீதத்தில நிக்குது

விசுவமடுப் பொடியன்:
அண்ணையாக்கள், அக்காமார், ஒருக்கா பாருங்கோ. ஐ3 ஏழாம் தலைமுறை, ரம் 4 ஜிபி, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் (சுழலுறதுதான், எஸ்எஸ்டி இல்லை), விண்டோஸ் 10. முந்தநாள் எல்லாத்தையும் அழிச்சு ரீசெற் செய்தது. இப்ப ஓன் பண்ணி டெஸ்க்டொப் வர 6 நிமிசம், எட்ஜைத் திறக்க 2 நிமிசம். முந்தியும் மந்தம்தான், ஆனா இவ்வளவு இல்லை. இன்டர்நெற் போன் ஹொட்ஸ்பொட்டில. ஒரு சொப்ட்வெயாரும் இன்னும் போடேல்லை. திரும்ப ரீசெற் செய்யிறதோ, ரம்மைக் கூட்டுறதோ?

மாங்குளம் சந்தி:
ரெண்டும் இப்ப வேண்டாம் தம்பி. புதுசா ஏறின விண்டோஸ் முதல் ஒண்டு ரெண்டு நாள் பின்னால நிறைய வேலை செய்யும். அப்டேற் இறக்கும், விண்டோஸின்ர வைரஸ் காவல் டிபெண்டர் டிஸ்க்கைப் பாக்கும், தேடலுக்கு இன்டெக்ஸ் (கோப்புப் பட்டியல்) எழுதும். ஹொட்ஸ்பொட்டை அரை மணித்தியாலம் போட்டுப் போட்டு நிப்பாட்டினா இந்த வேலை ஒரு கிழமைக்கும் இழுபடும். ஒரு இரவு சார்ஜரில போட்டு, ஸ்லீப்பை 'நெவர்' ஆக்கி, மூடாமல் விடுங்கோ. டேட்டா பத்தாட்டி வைபை செற்றிங்கில 'மீற்றர்ட் கனெக்ஷன்' ஓன் பண்ணினா பெரிய அப்டேற் தானா இறங்காது. பிறகு கிளிநொச்சியில பைபர் இருக்கிற ஆரும் வீட்டில வச்சு ஒரேயடியா இறக்கலாம்.

ஆனா 6 நிமிசம் இதால மட்டும் வராது. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூண்டையும் சேர்த்து அமத்தி டாஸ்க் மனேஜரில பெர்போமன்ஸ் பக்கத்துக்குப் போங்கோ. டிஸ்க்கில ரெஸ்பொன்ஸ் டைம், வாசிக்கிற வேகம், சிபியுவில ஸ்பீட், மெமரி எவ்வளவு பாவிக்குது, இவ்வளவையும் எழுதுங்கோ. சிபியு ஸ்பீட் ஏன் கேக்கிறன் எண்டா, சில லப்டொப் தன்ர சார்ஜரை அடையாளம் காணாட்டி 1 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழ இறங்கி நிண்டுடும். அதை எத்தினை தரம் ரீசெற் செய்தும் திருத்தேலாது.

விசுவமடுப் பொடியன்:
டிஸ்க் 100 வீதம், ரெஸ்பொன்ஸ் 2,400 மில்லிசெக்கன், வேகம் செக்கனுக்கு 0.7 எம்பி. சிபியு 2.3 கிகாஹேர்ட்ஸ், மெமரி 2.6 ஜிபி. காதை வச்சுக் கேட்டா இடக்கைப் பக்கம் 'டிக்' எண்டு ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்துத் திரும்ப 'டிக்'. அந்த நேரம் எல்லாம் உறைஞ்சு நிக்குது.

வவுனிக்குளம்:
சார்ஜரில பிழை இல்லை, ரம்மும் நிறையேல்லை. டிஸ்க்தான். சின்னச் சின்னக் கோப்பா வாசிக்கேக்க சுழலுற டிஸ்க் 1 எம்பிக்குக் கிட்ட இறங்கிறது வழமை, அதைப் பாத்து மட்டும் பழுது எண்டு சொல்லக்கூடாது. ரெஸ்பொன்ஸ் டைம்தான் கதை சொல்லும். நல்ல டிஸ்க்கில 10, 20 மில்லிசெக்கன், வேலை நெருங்கினா சில நூறு. 2,400 இலேயே நிண்டா, டிஸ்க்கின்ர வாசிக்கிற தலை ஒரு செக்ரரை (தரவு எழுதுற சின்னத் துண்டு) வாசிக்கேலாமல் திரும்பத் திரும்ப முயற்சிக்குது எண்டு அர்த்தம். நீங்கள் கேட்ட சத்தமும் அதுதான்.

ரீசெற்றுக்குப் பிறகு ஏன் கூடினது? ரீசெற், விண்டோஸ் கோப்புகளை டிஸ்க்கில வெறுமையாக் கிடந்த இடத்தில புதுசா எழுதும். முந்தி ஒண்டும் இல்லாமல் கிடந்த பழுதான பகுதியில இப்ப சிஸ்டம் கோப்பு போய் இருந்திருக்கும். இன்னொருக்கா ரீசெற் செய்தா அதிர்ஷ்டத்துக்கு நல்ல இடத்தில விழலாம், கொஞ்ச நாளைக்கு.

உறுதிப்படுத்த, டிஸ்க்கின்ர நிலையைக் காட்டுற கிறிஸ்டல் டிஸ்க் இன்போ எண்ட சொப்ட்வெயாரை இறக்குங்கோ, சின்னக் கோப்பு. பழுதான செக்ரரை எண்ணுற 05, சி5, சி6 எண்ட மூண்டு வரியும் 0 ஆ இருக்கவேணும். சி7 மட்டும் கூடினா டிஸ்க் இல்லை, அதின்ர கேபிள் அல்லது கனெக்டர். விண்டோஸ் தன்ர பிழைகளைக் குறிச்சு வைக்கிற இவென்ற் வியூவரில சிஸ்டம் பகுதியில 7 அல்லது 153 எண்ட எண்ணோட 'டிஸ்க்' எண்டு வரியும் வந்திருக்கும்.

உங்களிட்டக் காப்பாத்த ஒண்டும் இல்லை. ஆனா வேற ஆரும் இதை வாசிச்சா: செக்டிஸ்க் (டிஸ்க்கில பிழை தேடுற விண்டோஸ் கட்டளை) போடமுந்தி படம், ஆவணம் எல்லாத்தையும் வெளிய எடுங்கோ. 1 டெராபைட்டை முழுக்கத் துருவ மணிக்கணக்காகும். சாகப்போற டிஸ்க் அதுக்குள்ளேயே செத்துடும்.

விசுவமடுப் பொடியன்:
மஞ்சளில 'கோஷன்' காட்டுது. சி5 வரியில 1எப்8.

வவுனிக்குளம்:
அது பதினாறின் அடியில எழுதின எண். 504 செக்ரர் வாசிக்கேலாமல் காத்து நிக்குது. டிஸ்க்கை மாத்துங்கோ.

பரந்தன் அக்கா:
தம்பி, சுழலுற டிஸ்க்குக்குப் பதிலா 2.5 அங்குல சாட்டா (டிஸ்க் செருகிற கனெக்டர் வகை) எஸ்எஸ்டி, 7 மிமீ தடிப்பு, 240 ஜிபி காணும். பழைய டிஸ்க் 9.5 மிமீ எண்டா ஆடாமல் இருக்க ஓரத்தில ஸ்பேசர் ஒட்டவேணும். பழைய டிஸ்க்கைக் குளோன் (அப்பிடியே முழுப் பிரதி) பண்ணவேண்டாம், வாசிக்கேலாத செக்ரரில நிண்டுபோகும், இல்லாட்டி பழுதான கோப்பும் சேர்ந்து வரும். வேற கொம்பியூட்டரில மைக்ரோசொப்டின்ர மீடியா கிரியேஷன் டூலால 8 ஜிபி பென்டிரைவ் ஒண்டு செய்து புதுசா ஏத்துங்கோ. விண்டோஸ் லைசென்ஸ் கீ கேட்டா 'என்னட்ட இல்லை' எண்டதை அமத்துங்கோ. உங்கட விண்டோஸ் டிஜிற்றல் லைசென்ஸில அக்டிவேற் ஆகியிருந்தா அது மதர்போர்டோட இருக்கு. முந்தி இருந்த அதே ஹோம் அல்லது ப்ரோவைப் போட்டா, நெற் வந்ததும் தானா அக்டிவேற் ஆகும்.

திறக்கேக்க முதல் பற்றரிக் கனெக்டரைக் கழட்டுங்கோ. ஆணிகளின்ர நீளம் ஒண்டுக்கொண்டு வித்தியாசம், ஒரு தாளில லப்டொப்பைக் கீறி அந்தந்த இடத்தில குத்தி வையுங்கோ. நீள ஆணியைக் கட்டை ஆணியின்ர இடத்தில முறுக்கினா மேல் மூடியில புடைக்கும். டிஸ்க்கின்ர தட்டைக் கேபிளை இழுக்காதேங்கோ, அதின்ர பூட்டை நிமித்திப்போட்டு எடுங்கோ.

மூடமுந்தி விசிறியையும் பாருங்கோ. எங்கட கச்சான் காத்துக் காலத்துச் செம்மண் புழுதி, விசிறிக்கும் சூட்டை வெளியேத்துற செப்புத் தகட்டுக்கும் நடுவில கம்பளித்துண்டு மாதிரிப் படிஞ்சிருக்கும். வெளியில இருந்து ஊதினா அது இன்னும் இறுகும். விசிறியைக் கழட்டி, இதழ் சுத்தாமல் விரலால பிடிச்சுக்கொண்டு, பிரஷ்ஷால எடுங்கோ.

ரம் பிறகு. எஸ்எஸ்டி போட்டு ஒரு கிழமை பாவிச்சுப்போட்டு மெமரி 90 வீதத்துக்கு மேல போனா மட்டும் இன்னொரு 4 ஜிபி. வாங்கமுந்தி ரெண்டாவது ஸ்லொட் இருக்கோ எண்டு திறந்த கையோட பாத்து வையுங்கோ. இன்னொண்டு, விண்டோஸ் 10 இன் வழமையான பாதுகாப்பு அப்டேற் 2025 ஒக்டோபர் 14 உடன முடிஞ்சுது, ஏழாம் தலைமுறை ஐ3க்கு விண்டோஸ் 11 முறைப்படி இல்லை. வங்கி வேலை இதில செய்யிறதெண்டா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ற் எண்ட இலவச இயங்குதளம் ஏத்துறதையும் இப்பவே யோசியுங்கோ, புது எஸ்எஸ்டி வெறுமையா இருக்கேக்க அது லேசு.