மறு: ரோல் பிளேயிங் கேம், அட்வென்ச்சர் கேம் – தமிழில் எப்படிப் பிரிப்பது?

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

பினாங்குத் தம்பி தொடங்கிய இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். மலிவு விற்பனையில் பழைய கணினி விளையாட்டுகளை வாங்கி ஆட நினைக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறார். நல்ல வேலை. அதில் இந்த இரண்டு வகைகளையும் என்ன சொல்லி அழைப்பது என்பதுதான் அவர் கேள்வி. கிள்ளான் ஐயா 'பாத்திரமேற்பு விளையாட்டு', 'சாகச விளையாட்டு' என்றார்கள். ஈப்போ அக்கா முதல் வகைக்கு 'அவதார ஆட்டம்' என்றார்கள். இரண்டும் யோசித்துச் சொன்னவைதான். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் பரிந்துரையை வைக்கிறேன். மடல் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாகசம். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 1976-இல் வில் கிரௌதர் என்ற அமெரிக்க நிரலாளர், தாம் இறங்கி அளந்த கென்டக்கி குகைகளை மனத்தில் வைத்து, பிடிபி-10 கணினியில் ஒரு விளையாட்டு எழுதினார். படமே கிடையாது, எழுத்து மட்டும்தான். 'விளக்கை எடு', 'வடக்கே போ' என்பதுபோல் இரண்டிரண்டு சொல்லாகத் தட்டினால் என்ன நடந்தது என்று கணினி சொல்லும். அடுத்த ஆண்டு டான் வுட்ஸ் அதை விரித்து எழுதினார். அந்த நிரலின் பெயர் 'அட்வென்ச்சர்'. பிறகு அதைப்போல் வந்தவை எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. வகையின் தன்மையைப் பார்த்து யாரும் வைத்த பெயரில்லை அது. முதலில் பிறந்ததன் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது, அவ்வளவுதான். அதை நாம் மொழிபெயர்த்துக்கொண்டு அலைய வேண்டிய கட்டாயம் என்ன?

இந்த வகையில் ஆடுபவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். 1984-இல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட்', 1990-இல் வந்த 'மங்கி ஐலண்ட்', 1993-இல் வந்த 'மிஸ்ட்' மூன்றையும் எடுத்துக்கொள்வோம். ஓவியம் வேறு, நகைச்சுவை வேறு, நிறுவனங்கள் வேறு. ஆனால் செய்கிற வேலை ஒன்றுதான். கதை ஓரிடத்தில் முடிச்சிட்டு நிற்கிறது. கையில் உள்ள பொருளையும் காதில் விழுந்த பேச்சையும் கொண்டு அந்த முடிச்சை அவிழ்த்தால்தான் மேலே நகரும். 'மிஸ்ட்'டில் ஆளில்லாத ஒரு தீவு, சில இயந்திரங்கள், சில புத்தகங்கள். பெரும்பாலும் பார்த்து, குறித்து, யோசித்துக்கொண்டிருப்போம். இதைச் 'சாகசம்' என்று எழுதினால், பதினாறு வயதுப் பையன் வாளும் தாவலும் வரும் என்று வாங்கி, பத்து நிமிடத்தில் மூடிவிடுவான். குறை ஆட்டத்தில் இருக்காது, நாம் வைத்த பெயரில் இருக்கும்.

ஆகவே, என் பரிந்துரை 'கதைப்புதிர்'. 'விளையாட்டு' என்ற ஒட்டுகூட வேண்டாம். நாடகம், புதினம், சிறுகதை என்று தனியாக நிற்பதைப்போல இதுவும் நிற்கட்டும்: "நேற்று ஒரு பழைய கதைப்புதிர் வாங்கினேன்." புதிர் என்றால் டெட்ரிஸ் போன்றவையும் அதில் அடங்காதா என்று கிள்ளான் ஐயா கேட்கக்கூடும். அதனால்தான் 'கதை' முன்னால் நிற்கிறது. டெட்ரிஸில் கதை இல்லை.

இனிதான் சிக்கலான பாதி: ரோல் பிளேயிங் கேம்.

'பாத்திரமேற்பு' நாடகக் கொட்டகைச் சொல். அங்கே பாத்திரத்தை எழுதியவர் ஒருவர், ஏற்று நடிப்பவர் இன்னொருவர். அப்படியே பொருள் கொண்டால் 'மங்கி ஐலண்ட்'தான் பாத்திரமேற்பு! கைபிரஷ் திரீப்வுட் என்ற அந்தப் பையனின் பெயர், குணம், அசட்டுப் பேச்சு எல்லாவற்றையும் ரான் கில்பர்ட்டின் குழு எழுதி வைத்துவிட்டது. நாம் அவனை நடத்திக்கொண்டு போகிறோம், அவ்வளவே. இந்த வகையைச் சேர்ந்த, 1998-இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' அப்படியா? அதைத் திறந்ததும் முதல் வேலை, ஓர் ஆளை உருவாக்குவது. ஆணா பெண்ணா, எந்த இனம், என்ன தொழில், நல்லவரா கெட்டவரா, வலு எவ்வளவு, அறிவு எவ்வளவு, கடைசியில் பெயர் என்ன. எல்லாம் நம் கையில். அந்த ஆள் முதல் படியில் நிற்கும்போது நாலு ஓநாய் வந்தாலே போதும், கதை முடிந்துவிடும். அங்கிருந்து பட்டுப் பட்டுத் தேறி மேலே ஏறுவதைப் பார்ப்பதுதான் இந்த வகையின் சுவையே.

இதன் வேரும் அதைத்தான் சொல்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974-இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டு, போர்ப்படை பொம்மை விளையாட்டுகளிலிருந்து கிளைத்தது. அவற்றில் ஒருவர் ஒரு படையையே நடத்துவார். இதில் ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள்தான். அந்த ஓர் ஆள் ஒரு நாள் ஆட்டத்தோடு முடிந்துபோவதில்லை. அடுத்த வாரம் கூடும்போதும் வருவார், பட்டறிவு சேர்ப்பார், வளர்வார். நடிப்பு அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணினிக்கு வந்தபோது நடிப்பு பின்னுக்குப் போய், ஆளை வளர்ப்பது முன்னே நின்றது.

அதனால் நான் முன்மொழியும் சொல் 'ஆளாக்கம்'.

இது புதிதாகச் செதுக்கிய சொல் மாதிரி தெரியலாம். ஆனால் இதன் வினை நம் வீட்டுச் சொல். தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கினார்கள் என்று நம் தாத்தா பாட்டியைப் பற்றிச் சொல்லாத குடும்பம் இந்த நாட்டில் உண்டா? ஒன்றுமில்லாத நிலையில் தொடங்கி, கஷ்டப்பட்டு, ஒருவரை நிமிர்ந்து நிற்கச் செய்வது. அந்தப் பொருள் அப்படியே இங்கே பொருந்துகிறது. 'ஆளாதல்' என்றால் பெண் பூப்படைவது, 'குற்றத்துக்கு ஆளாதல்' என்றால் வேறு பொருள் என்று ஒரு மடலில் எச்சரிக்கை வந்திருந்தது. இரண்டும் தன்வினை. நான் எடுப்பது 'ஆக்கு' என்ற பிறவினை. 'வளர்த்து ஆளாக்கினாள்' என்பதை யாரும் தவறாகப் புரிந்துகொண்டு நான் கேட்டதில்லை.

ஈப்போ அக்காவின் 'அவதார'த்துக்கு வருகிறேன். அக்கா காட்டிய சான்று ரிச்சர்ட் கேரியட்டின் நான்காம் 'அல்டிமா'. சரியான ஆட்டத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள். 1985-இல் வந்த அதில் வீழ்த்த வேண்டிய கொடுங்கோலன் என்று யாருமே இல்லை. தொடக்கத்தில் ஒரு குறிசொல்லி அறச்சிக்கலான கேள்விகளைக் கேட்பாள். நேர்மையா இரக்கமா, எது பெரிது என்பதுபோல இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் பதிலை வைத்தே நம் ஆள் யார் என்று முடிவாகும். அப்புறம் எட்டு நற்பண்புகளிலும் தேறினால்தான் 'அவதார்' என்ற நிலையை அடைய முடியும். பார்வையற்ற கடைக்காரியிடம் காசு குறைத்துக் கொடுத்தால்கூட ஆட்டம் கணக்கு வைத்துக்கொள்ளும்! நாற்பது ஆண்டுக்கு முன் இப்படி ஒன்றைச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் அக்கா, நம் மொழியில் அவதாரம் என்றால் மேலிருந்து இறங்கி வருவது. ராமனும் கண்ணனும் தேறி ஏறியவர்கள் அல்லர், இறங்கியவர்கள். இந்த ஆட்டத்தில் ஒரு சாதாரண ஆள் கீழிருந்து ஏறுகிறார். உங்கள் சான்று என் சொல்லுக்குத்தான் பலம் சேர்க்கிறது.

சொல் தாங்குமா என்று பார்க்கக் கடினமான ஆட்டங்களை வைத்து உரசிப் பார்த்தேன். 1989-இல் சியரா நிறுவனம் வெளியிட்ட 'குவெஸ்ட் ஃபார் குளோரி' இரண்டு வகையும் கலந்தது. சியராவின் வழக்கமான கதைப்புதிர்போலவே இருக்கும். ஆனால் போர்வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஒருவரைத் தேர்ந்து, ஓடவிட்டு, ஏறவிட்டு, சண்டையிடவிட்டு, திறனைக் கூட்ட வேண்டும். வளர்த்த ஆளை அடுத்த பாகத்துக்கும் கொண்டுபோகலாம். ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பத்தி வேண்டும். நமக்கு 'ஆளாக்கமும் கலந்த கதைப்புதிர்' என்றால் முடிந்தது. 1999-இன் 'பிளேன்ஸ்கேப் டார்மென்ட்'டில் முகமும் கடந்த காலமும் ஏற்கெனவே உள்ள, ஆனால் எல்லாவற்றையும் மறந்துபோன ஒருவன் வருகிறான். செத்தாலும் எழுந்துவிடுவான். அவன் இனி எப்படிப்பட்டவனாக ஆவான் என்பதை நாம் பேசும் பேச்சு முடிவு செய்கிறது. இதுவும் ஆளாக்கமே. 2019-இன் 'டிஸ்கோ எலிசியம்'மில் வழக்கமான சண்டைமுறையே கிடையாது, ஆனாலும் ஆளாக்கம். 'பாத்திரமேற்பு' இவற்றில் எதையும் கதைப்புதிரிலிருந்து பிரித்துக் காட்டாது.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. கணினியில் ஆடுவது கணினி ஆளாக்கம், நாலு பேர் பகடையோடு உட்கார்ந்து ஆடுவது மேசை ஆளாக்கம், 'டியாப்லோ' மாதிரி கை வேகம் கேட்பது அதிரடி ஆளாக்கம். லெவலுக்குப் 'படி', லெவல் அப்புக்குப் 'படியேற்றம்', எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்டுக்குப் 'பட்டறிவுப் புள்ளி'. பட்டறிவு நல்ல தமிழ்ச் சொல், பள்ளிப் பாடநூலுக்கு வெளியே அதற்கு வேலை கொடுத்த மாதிரியும் இருக்கும்.

மற்றவர்க்குப் புரியுமா என்ற கேள்வி எப்போதும் வரும். சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி 'இணையம்' என்று சொன்னபோதும் அது யாருக்கும் பழகிய சொல்லாக இல்லை. இன்று நம் ஊர் நாளேட்டைப் புரட்டினால் அது இல்லாத பக்கம் அரிது.

தம்பி, உன் கையேட்டின் வாங்குமிடம் பகுதிக்கும் சில சொற்கள் வேண்டும் என்று கேட்டிருந்தாய். சுருக்கமாகச் சொல்கிறேன்.

டிஆர்எம் என்னும் நகல் தடுப்புப் பூட்டு இல்லாத பிரதிக்குப் 'பூட்டில்லாப் பிரதி' என்று எழுது. போலந்தின் சிடி புரொஜெக்ட் 2008-இல் தொடங்கிய ஜிஓஜி கடையின் சிறப்பே அதுதான். இறக்கி உன் வன்தட்டில் வைத்துக்கொண்டால் இணையமே இல்லாமல் நிறுவலாம். அங்கே பழைய ஆட்டங்கள் பலவற்றின் விலை 5.99 அல்லது 9.99 அமெரிக்க டாலர். மலிவு விற்பனையில் முக்கால் பங்கு கழிவது சாதாரணம். அப்படிக் கழிந்தால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரொட்டி சானாயும் தே தாரேக்கும் சாப்பிடுகிற காசுக்கு ஓர் ஆட்டம் வந்துவிடும். நான்காம் 'அல்டிமா' அங்கே இலவசமாகவே கிடைக்கிறது. 1994-இன் கதைப்புதிரான 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை'யும் அப்படித்தான். அதை ஸ்கம்விஎம் என்ற கட்டற்ற மென்பொருளில் ஓட்டலாம், கைப்பேசியில்கூட.

பூட்டு புதிதும் அல்ல. 1990-இன் 'மங்கி ஐலண்ட்' பெட்டியில் இரண்டு அட்டை வட்டுகள் சேர்ந்த ஒரு சக்கரம் இருந்தது. கடற்கொள்ளையர் முகத்தின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் பொருத்திப் பார்த்து, அங்கே தெரியும் ஆண்டை இட்டால்தான் ஆட்டம் திறக்கும். அந்தக் காலத்தில் நம் ஊரில் கைமாறிய நகல்களில் சக்கரமும் இருக்காது, விளக்கநூலும் இருக்காது. 'பால்டர்ஸ் கேட்'டில் கவச எண் குறையக் குறையக் காப்பு கூடும் என்பதை விளக்கநூல் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போது வாங்கும் பிரதியோடு விளக்கநூல் பிடிஎஃப் ஆக வருகிறது. அதை முதலில் படிக்கச் சொல், கொட்டை எழுத்தில் போடு.

ரீமாஸ்டருக்கு 'மெருகுப் பதிப்பு'. 2009-இல் வந்த 'மங்கி ஐலண்ட்' மெருகுப் பதிப்பில் ஒரே விசையைத் தட்டிப் பழைய ஓவியத்துக்கும் புதியதற்கும் மாறலாம். அடிப்படை ஆட்டம் அதேதான். 2012-இல் 'பால்டர்ஸ் கேட்'டுக்கு வந்தது வேறு. அதில் புதிய ஆட்களையும் புதிய கதைகளையும் சேர்த்திருக்கிறார்கள், அதனால் 'விரிவுப் பதிப்பு'. அடியிலிருந்து மறுபடி கட்டினால் 'மறுவாக்கம்'. நூல் பதிப்பில் நாம் காட்டுகிற கவனத்தை இதிலும் காட்டலாம்.

ஒரு எச்சரிக்கைச் சொல்லும் தேவை. சியராவின் பழைய கதைப்புதிர்கள் சிலவற்றில், ஐந்தாவது 'கிங்ஸ் குவெஸ்ட்' மாதிரி, பசிக்கிறதே என்று கையிலிருந்த பணியாரத்தைத் தின்றுவிட்டால், பிறகு பனிமனிதன் முன்னால் நிற்கும்போதுதான் அது வேண்டியிருந்தது என்று தெரியும். ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் முடிக்கவே முடியாது. இதை 'முட்டுச்சந்து' என்றே சொல்லலாம். "இதில் முட்டுச்சந்து உண்டு, பல இடங்களில் சேமித்து வை" என்று எழுதினால் பிள்ளைகளுக்குப் புரியும்.

எனக்கு இன்னும் தமிழ் பிடிபடாத சொல் குவெஸ்ட். 'தேடல்' பொருந்தவில்லை, பாதிக்கு மேல் யாரோ கொடுக்கும் வேலைகள்தாம். 'ஏவல்' என்றால் நம் ஊரில் உடனே பில்லி சூனியம் நினைவுக்கு வரும். இப்போதைக்குப் 'பணி' என்று வைத்திருக்கிறேன். பாரதத்துக் கிளைக்கதைகளைப் பார்த்து, சைடு குவெஸ்டுக்குக் 'கிளைப்பணி'. ஐயாவும் அக்காவும் இதைவிட நல்லதாக ஒன்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். தம்பி, 'குவெஸ்ட் ஃபார் குளோரி' பற்றிய பகுதியை இந்தச் சொற்களை வைத்து எழுதி முதலில் குழுவுக்கு அனுப்பு. இரண்டு வகையும் அதில் கலந்திருப்பதால், சொற்கள் எங்கே இடறுகின்றன என்பது அங்கேதான் முதலில் தெரியும்.

அன்புடன்,
செந்தூல், கோலாலம்பூர்