மரங்கொத்தி நாக்கும் ரிப்பன் புழுவின் புரோபாசிஸும் ஒண்ணுங்களா?

பொள்ளாச்சித் தோப்பு: வணக்கமுங்க. பிளஸ் ஒன் பசங்களுக்கு ஒரு ஒப்பீடு காட்டோணும். இங்க தென்னையில சுத்துற பொன்முதுகு மரங்கொத்தி ஒரு பக்கம், கடல் நாடாப்புழு நெமர்டியா இன்னொரு பக்கம். மரங்கொத்தி நாக்கையும், புழு புரோபாசிஸ்ங்கிற குழலையும் உள்ளயிருந்து நீட்டித்தான் இரை புடிக்குது. ஒரே இயக்கம்னு எழுதலாமுங்களா? மாடல் ஏதாச்சும் இருக்குங்களா?

உடுமலை விலங்கியல்: முதல்ல பேர மாத்துங்க. நாடாப்புழுன்னா பசங்க மனுசக் குடல்ல இருக்கிறதத்தான் நெனப்பாங்க. அதுக்குக் குடலே கிடையாது. நெமர்டியாவுக்கு வாய், மலவாய், மூடிய ரத்த ஓட்டம் எல்லாமே உண்டு. ரிப்பன் புழுன்னே எழுதுங்க.

ஒரே இயக்கம் இல்லீங்க. மரங்கொத்தி நாக்குக்குள்ள எலும்பு இருக்கு. அதோட ரெண்டு கொம்பும் மண்டையோட்டுக்குப் பின்னால சுத்தி மேல ஏறும். தசை சுருங்குனா நாக்கு முன்னால வழுக்கி வரும்; சைக்கிள் பிரேக் வயர் உறைக்குள்ள ஓடுற மாதிரி. புழுவுக்கு எலும்பே இல்ல. குடலுக்கு மேல திரவம் நெறஞ்ச தனி அறை. சுத்தியுள்ள தசை அத அழுத்துனா புரோபாசிஸ் உள்புறம் வெளியாப் பெரண்டு பாயும். திரும்ப உள்ள இழுக்கிறது தசை. செயலொத்த உறுப்புன்னு போடுங்க, அமைப்பொத்தது இல்ல.

ஈரோடு லேப்: மாடலுக்கு அரை லிட்டர் மெல்லிசு பாட்டில், ரப்பர் கையுறையில ஒரு விரல். பாட்டில்ல தண்ணிய விளிம்பு வரைக்கும் ஊத்தி, விரல் நுனிய உள்ள தள்ளுங்க. வெட்டுன ஓரத்த பாட்டில் வாய் மேல மடிச்சு ரப்பர் பேண்டால இறுக்கிக் கட்டோணும். அமுக்குனா விரல் வெளிய பெரளும்.

பொள்ளாச்சித் தோப்பு: கட்டிப் பாத்தேனுங்க. பாதிதான் வருது.

ஈரோடு லேப்: உள்ள காத்து நின்னிருக்கும். காத்து அமுங்கிக்கும், தண்ணி அமுங்காது. அவுத்து நெறைச்சுக் கட்டுங்க. ஒண்ணு மட்டும் பசங்ககிட்டச் சொல்லீருங்க: விட்டதும் விரல் உள்ள போறது பாட்டில் விரியறதால; புழுவுல அது தசையோட வேலை.

உடுமலை விலங்கியல்: 55 மீட்டர் புழுன்னு பசங்க கேப்பாங்க. 1864-ல ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் கரையில ஒதுங்குன பூட்லேஸ் புழுக் கணக்கு அது; அதுவும் ஒரு ரிப்பன் புழுதான். இழுத்தா நீளுற உடம்பு, அதனால அந்த அளவ அப்படியே போர்டுல எழுதிப்போடாதீங்க.