எல்லநள்ளி வளைவு, பேக்கரி கேமரா, 38 நிமிட வித்தியாசம்

கேத்தி டீச்சர்:

என் வீட்டுக்காரரின் விபத்து வழக்கில் ஒரு கேமரா பதிவு எப்படிச் சாட்சியானது என்று சொல்கிறேன். 2024 நவம்பர், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு சாயங்காலம். நீலகிரி அருவங்காட்டில் வேலை முடித்து என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் மேடேறி வந்துகொண்டிருந்தார். எல்லநள்ளிக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. ஊட்டியிலிருந்து இறங்கிய வெளியூர்க் கார் தன் பக்கத்தில் வராமல் வளைவை வெட்டிக்கொண்டு வந்து இடித்துவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிற்று. கோயம்புத்தூரில் ஆபரேஷன், பிளேட்.

நாங்கள் கீழே ஆஸ்பத்திரியில் இருந்தபோது கார்க்காரர் நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்திருக்கிறார். ஸ்கூட்டர் வேகமாக வந்து வழுக்கிக் காரில் மோதியது என்றுதான் எஃப்.ஐ.ஆர். என் வீட்டுக்காரருக்கோ அந்த நொடி சுத்தமாக நினைவில் இல்லை. "ஹாரன் கேட்டேனா இல்லையா தெரியலையே" என்று கட்டிலில் படுத்துக்கொண்டு புலம்புவார்.

மூன்றாம் நாள் நான் மட்டும் மேலே வந்தேன். வளைவுக்கு எதிரில் ஒரு பேக்கரி, வாசலில் கேமரா. அண்ணன் நல்ல மனிதர், ஆனால் "கோர்ட்டுக்கெல்லாம் கூப்பிடுவாங்களேம்மா" என்று தயங்கினார். அரை மணி நேரம் கெஞ்சிய பிறகு பார்க்க விட்டார். பதினைந்து நாள் பதிவுதான் நிற்கும், அதற்கு மேல் பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும் என்றார். இன்னும் இரண்டு வாரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில ராத்திரி யோசிக்கிறேன்.

அங்கே நான் செய்த முட்டாள்தனம், மானிட்டரில் ஓடியதை என் போனில் படம் பிடித்து, அதுவே போதும் என்று கிளம்பியது. மைத்துனரின் நண்பர் ஒருவர் சிசிடிவி மாட்டும் வேலை செய்கிறார். அவர் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல ரோட்டு நடுக்கோடே தெரியல, வாட்ஸ்அப்புல அனுப்பினா இன்னும் மங்கிடும்" என்று என்னை அன்று மத்தியானமே திரும்ப இழுத்துக்கொண்டு போனார். கேமரா பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியிலிருந்து அது பதிந்த வடிவத்திலேயே பென் டிரைவில் எடுத்தார், அதை ஓட்டும் மென்பொருளோடு சேர்த்து. மோதலுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம்.

அப்போதுதான் நேரத்தைக் கவனித்தோம். விபத்து 5.25 வாக்கில். திரையில் 6.03 என்று ஓடுகிறது. டிவிஆர் கடிகாரம் 38 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. சிசிடிவி தம்பி அதைத் திருத்தவே விடவில்லை. என் போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, இரண்டு கடிகாரமும் ஒரே சட்டத்தில் விழுகிற மாதிரி போட்டோ எடுத்தார். போனில் 2.10, டிவிஆரில் 2.48. அன்றைக்கு அது எனக்கு வேண்டாத வேலையாகப் பட்டது.

வீடியோவில் இருப்பது இவ்வளவுதான்: கார் இறங்குகிறது, முன் சக்கரம் நடுக்கோட்டைத் தாண்டுகிறது, அதற்குள் ஓரம் நின்றிருந்த ஒரு பிக்கப் வண்டி மறைத்துவிடுகிறது. மோதல் தெரியாது. சத்தமும் கிடையாது. அடுத்து ஸ்கூட்டரின் ஹெல்மெட் மட்டும் சாலையில் உருண்டு வரும். அந்தப் பகுதியை இரண்டு முறைக்கு மேல் என்னால் பார்க்க முடிந்ததில்லை.

ஸ்டேஷனில் பென் டிரைவோடு மனு கொடுத்து ரசீது வாங்கினோம். விசாரணைக்குப் பிறகு கார்க்காரர் மேல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளில் வழக்கு மாறியது. இழப்பீட்டு மனு ஊட்டியில் நடக்கிறது. இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் கேட்டதே அந்த நேரத்தைத்தான்: "விபத்து 5.25 என்கிறீர்கள், வீடியோவில் 6.03. இது வேறு விபத்தா?" எங்கள் வக்கீல் அந்தப் போட்டோவை எடுத்து நீட்டினார். 108-க்குப் போன அழைப்பு 5.28 என்பதும் பதிவில் இருந்தது. சாட்சியம் எல்லாம் முடிந்தது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

மலைப்பாதை டிரைவர்:

டீச்சர், உங்களுக்குக் கேமரா கைகொடுத்தது. எனக்குப் பாதிதான் கொடுத்தது, அதையும் சொல்கிறேன். நான் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போது, நல்ல மூடுபனியில் எதிரில் வந்த வேன் என் பக்கத்துக்கு வந்து இடித்துவிட்டது. எனக்குத் தோள்பட்டை முறிவு. என் வண்டியில் முன்பக்கச் சாலையைப் பதியும் டாஷ்கேம் கேமரா இருந்ததால், இனி என்ன கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

கோர்ட்டில் ஓட்டிப் பார்த்தால் திரை முழுக்க வெள்ளை. பனியில் ஹெட்லைட் பட்டால் கேமராவுக்கு வேறென்ன தெரியும்? வேன் மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் தெரிகிறது. ஆனால் சத்தம் பதிவாகியிருந்தது. வைப்பர் அடிக்கிற சத்தம், வளைவுக்கு முன்னால் நான் இரண்டு முறை அடித்த ஹாரன், எதிரிலிருந்து பதில் ஹாரன் இல்லாதது, எல்லாம் துல்லியமாகக் கேட்டது. அது எனக்குச் சாதகம்.

திரையின் கீழே ஓரத்தில் ஜிபிஎஸ் வேகம் ஓடிக்கொண்டிருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். 47. அந்த இடத்தில் 30 என்று போர்டு இருக்கிறது. பனியில் 47 என்றால் நானே என் பையனைத் திட்டுவேன். என் மேலும் 20 சதவீதம் கவனக்குறைவு என்று சொல்லி இழப்பீட்டில் அந்த அளவு கழித்துவிட்டார்கள். வீடியோ கொடுக்காமல் இருந்திருந்தால் முழுசாகக் கிடைத்திருக்குமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வீடியோ இல்லையென்றால் அந்த ஹாரனையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

லயத்துப் பையன்:

எங்கள் கதை தலைகீழ். வீடியோ கொண்டுவந்தது எதிர்த்தரப்பு. எஸ்டேட் ரோட்டில் ஜீப் இடித்து அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் அடி. முன்போலத் தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாது, சரிவில் நிற்கவே முடியாது. மருத்துவக் குழு ஊனச் சான்றும் கொடுத்தது. ஒரு வருடம் கழித்து இன்சூரன்ஸ் தரப்பு ஒரு வீடியோவை எடுத்து வைத்தது: சொந்தக்காரர் கல்யாணத்தில் அம்மா ஆரத்தித் தட்டோடு நாலடி நடக்கிறார். யாரோ ஸ்டேட்டஸில் போட்டது. அம்மா வீட்டுக்கு வந்து அழுதார், ஆரத்தி எடுத்தது தப்பாப்பா என்று.

அதை யார் எடுத்தது, எந்த போனில், எப்போது என்று எங்கள் வக்கீல் கேட்டதற்கு அவர்களிடம் பதில் இல்லை. சமதளத்தில் நாலடி நடப்பதும், கூடையோடு சரிவில் எட்டு மணி நேரம் நிற்பதும் ஒன்றல்ல என்று டாக்டரும் சாட்சி சொன்னார். தப்பித்தோம். அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் ஸ்டேட்டஸ் கிடையாது.

குமாஸ்தா:

வக்கீல் ஆபீசில் பல வருடமாக இருக்கிறேன், அதனால் சிலது மட்டும். 2024 ஜூலை 1 முதல் மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பது பற்றிய பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-க்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவு. நகலாகக் கொடுக்கும் வீடியோவோடு சான்று வைக்க வேண்டும், அதற்கு இப்போது இரண்டு பகுதி. ஒன்றைப் பதிவை ஒப்படைப்பவர் நிரப்ப வேண்டும், மற்றதை நிபுணர். கோப்புக்குக் கைரேகை மாதிரியான ஹாஷ் எண்ணும் அதில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக ஒருமுறை போய் வந்தாலே அந்த எண் மாறிவிடும், அதனால்தான் டீச்சரின் தம்பி மூலக்கோப்பைப் பிடித்தது பெரிய விஷயம்.

கடைக்காரர் சான்று கொடுக்க மறுத்தால் அழ வேண்டாம். கேட்டும் கிடைக்கவில்லை என்றால் நீதிமன்றம் மூலமே வரவழைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. மூலக் கருவியையே உரிமையாளர் கொண்டுவந்து சாட்சி சொன்னால் சான்று தேவையில்லை என்றும் அதே தீர்ப்பில் உண்டு. விபத்துத் தீர்ப்பாயத்தில் கிரிமினல் கோர்ட் அளவு கடுமை இருக்காது, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் எடைபோடுவார்கள். இருந்தாலும் சான்று இல்லாமல் போகாதீர்கள், எதிர்த்தரப்பு அதையே பிடித்துத் தொங்கும்.

இன்னொன்று. வீடியோ யார் தப்பு என்பதைத்தான் சொல்லும். தொகைக்குச் சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரி பில், ஊனச் சான்று வேண்டும். வீடியோவே கிடைக்காதவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 164-இல் தப்பை நிரூபிக்காமலே பலத்த காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம் வழி இருக்கிறது. மனுவுக்கு 6 மாதக் கெடு 2022 ஏப்ரலிலிருந்து சட்டத்தில் இருக்கிறது, காலம் கடத்தாதீர்கள்.

டீச்சர், ஒரு கேள்வி. அந்த டிவிஆர் இன்னும் பேக்கரியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்பீல் போனால் மூலப் பதிவைக் கேட்பார்கள்.

கேத்தி டீச்சர்:

இல்லை சார். அடுத்த வாரமே தம்பி புது ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போட்டுவிட்டுப் பழையதைக் கழற்றினார், கழற்றிய தேதி போட்டு பேக்கரி அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கோர்ட்டுக்குப் பயந்த அதே அண்ணன் கடைசியில் அவராகவே வந்து கூண்டிலும் ஏறினார். டிஸ்க் அவர் கொடுத்த வர்க்கி டப்பாவிலேயே எங்கள் பீரோவில் இருக்கிறது. ஈரம் ஏறாமல் இருக்க ஒரு துணி முடிச்சில் அரிசி போட்டு வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை மாற்றுகிறேன்.