பி.எஸ்.டபிள்யூ படிக்கப் போறன்

குழு: அம்மம்மா வீட்டார்
ஞாயிற்றுக்கிழமை

ரூபி, 9:12
எல்லாருக்கும் ஒரு விசயம் சொல்லவேணும். எங்கட பக்கிங் தொழிற்சாலையை அடுத்த மாதத்தோட பூட்டுகினம், தெரியும்தானே. நான் செப்ரெம்பரில பி.எஸ்.டபிள்யூ, அதான் ஏலாத ஆக்களைப் பராமரிக்கிற பேர்சனல் சப்போர்ட் வேர்க்கர் வேலைக்குப் படிக்கப் போறன். கொலிச்சில இடம் கிடைச்சிட்டுது. அதுக்குப் பிறகு நேர்ஸிங் செய்யிற எண்ணம்.

தம்பி (லண்டன்), 9:14
சூப்பர் அக்கா 👏👏

சின்ன மாமா, 9:20
நல்லது பிள்ளை. ஆனா நேர்ஸிங்தான் எண்ணம் எண்டா நேர அதையே படியன். பி.எஸ்.டபிள்யூ எண்டுறது ஊர் ஆஸ்பத்திரியில அற்றென்டன் செய்யிற வேலை. ஏ.எல்லில (உயர்தரத்தில) பயோ செய்த பிள்ளைக்கு அது என்னத்துக்கு?

ரூபி, 9:26
மாமா, நேர ஆர்.பி.என்னுக்கு, அதான் டிப்ளோமா நேர்ஸுக்குப் போறதெண்டா 12ஆம் வகுப்பு இங்கிலிஷும், 11 இல்லாட்டி 12ஆம் வகுப்புக் கணக்கு, பயோ, கெமிஸ்ற்றியும் கேக்கினம். நான் வவுனியாவில ஏ.எல் எடுத்தது 2006. ஆவர்த்தன அட்டவணையில முதல் வரியே ஞாபகம் இல்லை 😅 பி.எஸ்.டபிள்யூவுக்கு அவ்வளவு கேக்கேல்லை. ஒரு வருசத்துக்குள்ள முடிச்சு உழைக்கத் தொடங்கலாம்.

தம்பி (லண்டன்), 9:31
இஞ்ச இதுக்கு எச்.சி.ஏ (ஹெல்த்கெயர் அசிஸ்ரன்ற்) எண்டு பேர். கோர்ஸ் ஒண்டும் இல்லாமலே எடுத்து, வேலையில வைச்சே கெயர் சேர்ட்டிபிக்கேற் செய்விப்பினம். பிறகு இரண்டு வருசத்தில நேர்ஸுக்கு ஒரு படி கீழ, நேர்ஸிங் அசோசியேற் ஆகலாம், சம்பளத்தோட.

சின்ன மாமா, 9:33
நீ லண்டன் கதையை விடு. இவள் இருக்கிறது கனடாவில, ஸ்காபரோவில.

பெரியக்கா, 9:58
நைற் முடிச்சு வந்து இப்பதான் தேத்தண்ணி போட்டன். மாமா, அற்றென்டன் எண்டதுக்கு நான் கோவிக்கேல்லை. ஆனா என்ன வேலை எண்டு கேட்டிட்டுச் சொல்லுங்கோ.

பாரிசவாதம் வந்த ஆளுக்குச் சட்டை போடேக்க ஏலாத கையை முதல் நுழைக்கவேணும். கழட்டேக்க நல்ல கையை முதல். இது தெரியாமல் இழுத்தா தோள்மூட்டுக்குத்தான் கேடு. படுக்கையோட இருக்கிறவையை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பவேணும். நாரிக்குக் கீழ, குதிக்காலில தோல் சிவந்திருந்தா விரலால அமத்தி எடுத்துப் பாக்கிறது. வெளுக்காமல் அப்பிடியே சிவப்பா நிண்டா படுக்கைப்புண் தொடங்கீட்டுது. எங்கட நிறத்துத் தோலில சிவப்புத் தெரியாது, சூடா இருக்கோ, இறுகிக் கிடக்கோ எண்டு தொட்டுத்தான் பாக்கவேணும். இதை முதல் காணுறது டொக்ரர் இல்லை, நேர்ஸும் இல்லை. குளிக்கவாக்கிற ஆள்தான்.

பெரியக்கா, 10:01
விழுங்கேலாத ஆளுக்கு வெறும் தண்ணி குடுத்தா அது நெஞ்சுக்குள்ள போய் நிமோனியா வரலாம். தடிப்பாக்கித்தான் குடுக்கிறது, நிமிர்த்தி இருத்தி வைச்சு. ஒரு கரண்டி, விழுங்கிட்டாரோ எண்டு பாத்து அடுத்த கரண்டி. மாமாவுக்கு இதில எது லேசு?

சின்ன மாமா, 10:05
சரி பிள்ளை, நான் குறைச்சுச் சொல்லேல்லை. ஆனா மலசலம் எடுக்கிற வேலையும் இருக்குத்தானே.

பெரியக்கா, 10:07
ஓம், இருக்கு. நேர்ஸும் அதைச் செய்யிறவதான். கனவோட நேர்ஸிங் படிக்கப் போய், முதல் பிளேஸ்மென்ற் பயிற்சியில மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்டு, அந்தச் செமெஸ்ரரோட விட்டிட்டுப் போன பிள்ளையளைக் கண்டிருக்கிறன். நாலு வருசக் காசைக் கட்டிப்போட்டு அறியிறதை விட இப்ப அறியட்டும்.

அபி (பெரியக்கான்ர மகள்), 10:15
அம்மா சொல்லுறது உண்மை. எங்கட நேர்ஸிங் பட்டப்படிப்பு முதலாம் வருசத்திலயும் நேர்சிங் ஹோமில குளிக்கவாக்கி, பல் மினுக்கி, கட்டில் விரிச்சுத்தான் தொடங்கினது.

ஆனா சித்தி, பி.எஸ்.டபிள்யூ செய்தா நேர்ஸிங் கெதியா முடியும் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ.

ரூபி, 10:17
ஒரு தனியார் கொலிச்சில கதைச்ச பொம்பிளை அப்பிடித்தான் சொன்னவா. ஆறு மாதத்தில பி.எஸ்.டபிள்யூ, அடுத்த வருசம் நேர்ஸாம். அதாலதான் அங்க சேரேல்லை.

அபி, 10:24
சேராததே நல்லது. ஆர்.பி.என் இரண்டு வருச டிப்ளோமா. ஆர்.என் எண்டுற மேல்நிலை நேர்ஸுக்கு நாலு வருசப் பட்டம், 2005இல இருந்து எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில பட்டம் இல்லாமல் புதுசா ஆர்.என் ஆகேலாது. ஒவ்வொண்டுக்கும் கடைசியில தனிச் சோதனை. ஆர்.பி.என்னுக்கு ரெக்ஸ்-பி.என், ஆர்.என்னுக்கு என்கிளெக்ஸ். பி.எஸ்.டபிள்யூவில இருந்து ஆர்.பி.என்னுக்குச் சில கொலிச்சில பிரிட்ஜ் கோர்ஸ் இருக்கு. அதில மிச்சம் பிடிக்கிறது கொஞ்ச நாள்தான், வருசக்கணக்கில இல்லை.

அபி, 10:26
இன்னுமொண்டு. பி.எஸ்.டபிள்யூ பாடத்தில கெமிஸ்ற்றி வராது. அதை முடிச்சாலும் ஆர்.பி.என் வாசலில திரும்பவும் உயர்தரப் பள்ளிக் கெமிஸ்ற்றிதான் கேப்பினம். அதை இப்பவே ஸ்கூல் போர்ட்டின்ர வளந்தோர் வகுப்பில ஒவ்வொரு பாடமா எடுங்கோ. பிறகு பாப்பம் எண்டு விட்டா வேலை, ஓவர்ரைம், வீட்டு மோட்கேஜ் எண்டு போயிடும்.

பெரியக்கா, 10:28
என்னைச் சொல்லுறாள் 😂 நான் இந்த வேலையிலயே நிண்டிட்டன், எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஆனா ரூபி, உனக்கு நேர்ஸிங்தான் வேணுமெண்டா அபி சொல்லுறமாதிரிச் செய்.

சின்ன மாமா, 10:34
காசுக்கு என்ன வழி? அதைச் சொல்லுங்கோ முதல்.

ரூபி, 10:39
வேலையால நிப்பாட்டினவைக்குப் படிப்புக் காசு குடுக்கிற பெற்றர் ஜொப்ஸ் ஒன்ராறியோ எண்டுற அரசாங்கத் திட்டம் இருக்கு மாமா. முந்தி செக்கண்ட் கரியர் எண்டு சொன்னவை. ஒரு வருசத்துக்குள்ள முடியிற கோர்ஸுக்கு முன்னுரிமை. வேலை நிண்ட கடிதம் கையில வந்தோடன விண்ணப்பிக்கப் போறன். சரிவராட்டி ஓசாப், மாணவருக்கான அரசாங்க உதவி.

அபி, 10:41
பிறகு ஆர்.பி.என்னுக்குப் போகேக்க பிகின் எண்டு ஒரு உதவித்தொகை இருக்கு, பி.எஸ்.டபிள்யூ ஆக்கள் நேர்ஸ் ஆகிறதுக்கெண்டே. முடிச்சபிறகு நேர்சிங் ஹோமிலயோ வீட்டுப் பராமரிப்பிலயோ குறிப்பிட்ட காலம் வேலை செய்யவேணும். நேர உயர்தரப் பள்ளியால போற பிள்ளையளுக்கு இது இல்லை. பி.எஸ்.டபிள்யூ செய்யிறதில உண்மையான லாபம் இதுதான் எண்டு நான் நினைக்கிறன்.

தம்பி (லண்டன்), 10:44
சம்பளம் எப்பிடி அக்கா?

பெரியக்கா, 10:52
முந்தி மோசம். 2020 ஒக்ரோபரில மணித்தியாலத்துக்கு 3 டொலர் கூட்டினவை, முதல் தற்காலிகம் எண்டு. 2022இல நிரந்தரமாக்கினவை. ஆஸ்பத்திரியில நிக்கிறவைக்கு 2 டொலர். கொரோனாவில எத்தினை பேர் செத்தபிறகு வந்த 3 டொலர் எண்டது எங்களுக்குத்தான் தெரியும்.

அந்த வருசம் சித்திரையில நேர்சிங் ஹோமுகளுக்கு ஆமியை அனுப்பினவை. ரீவியில கேட்டிட்டு எங்கட அம்மா "பிள்ளை, அங்க ஏன் ஆமி வந்தது, நீ போகாதை" எண்டு அழுதவா. அவவுக்கு ஆமி எண்டா வேற. வந்த ஆக்கள் ஆக்களைத் திருப்பி, சாப்பாடு தீத்தி, கண்டதை எல்லாம் அறிக்கையா எழுதினவை. நாங்கள் எத்தினையோ வருசம் சொல்லிக்கொண்டு இருந்ததுதான்.

பெரியக்கா, 10:55
இப்ப சட்டத்தில ஒராளுக்கு ஒரு நாளைக்கு 4 மணித்தியாலப் பராமரிப்பு எண்டு இருக்கு, 2025 மார்ச்சுக்குள்ள வரவேணும் எண்டு எழுதினவை. அது நேர்ஸும் நாங்களும் சேந்து, அதுவும் சராசரி. நான் பகலில நிக்கேக்க ஏழு மணிக்கு எட்டு ஒன்பது பேரை எழுப்பி, கழுவி, உடுத்தி, எட்டரைக்குச் சாப்பாட்டு மேசையில இருத்தவேணும். நீங்களே கணக்கைப் போட்டுப் பாருங்கோ. ரூபி, இதைத் தெரிஞ்சுகொண்டு போ. அவசரத்தில ஆளைத் தூக்குற லிவ்ற்றை மட்டும் தனிய பாவிக்காதை, இரண்டு பேர் நிக்கவேணும். நாரி போனா நேர்ஸிங்கும் போச்சு.

அம்மா, 11:03
🎤 குரல் பதிவு 0:47

ரூபி, 11:05
அம்மா கேக்கிறா, உடுப்பு என்ன நிறமாம் 😂 அம்மா, கொலிச் சொல்லுற நிறம்தான். சேலை இல்லை.

பெரியக்கா, 11:09
அம்மா மாதிரி ஒரு ஆள் எங்கட புளோரில இருக்கிறா. முப்பது வருசம் கனடாவில இருந்து நல்லா இங்கிலிஷ் கதைச்ச மனுசியாம். டிமென்ஷியா வந்து இங்கிலிஷ் முழுக்கப் போட்டுது, தமிழ் மட்டும்தான் நிக்குது. குளிக்கக் கூப்பிட்டா மற்றவைக்கு அடிப்பா. நான் போய் "வாங்கோ, தலையில எண்ணெய் வைச்சு முழுகுவம், இண்டைக்கு வெள்ளிக்கிழமை" எண்டா பேசாமல் வருவா. எந்த நாளும் வெள்ளிக்கிழமைதான் 😄 ஸ்காபரோவில இப்பிடி எங்கட ஆக்கள் கூடிக்கொண்டு வருகினம். தமிழ் தெரிஞ்ச நேர்ஸும் வேணும், பி.எஸ்.டபிள்யூவும் வேணும்.

சின்ன மாமா, 11:15
அது சரி. எண்டாலும் என்ர கருத்து, நேர்ஸிங் எண்டால்தான் மரியாதை. நான் மாத்தேல்லை.

பெரியக்கா, 11:16
மாத்தவேண்டாம் மாமா. உங்களுக்கு ஏலாமல் வரேக்க ஆர் வாறது எண்டு பாப்பம் 😉

சின்ன மாமா, 11:16
🙏😂

அபி, 11:22
சித்தி, பிளேஸ்மென்ற்றுக்கு முதல் பேப்பர் அலுவல் கன இருக்கு, இப்பவே தொடங்குங்கோ. பொலிஸ் செக்கில வள்னரபிள் செக்ரர், அதான் ஏலாத ஆக்களோட வேலை செய்யிறவைக்கான செக்தான் எடுக்கவேணும், சாதாரணமானது சரிவராது. ஹெப்பற்றைற்றிஸ் பி ஊசி போடாட்டி மூண்டு ஊசிக்கும் ஆறு மாதம் போகும். சி.பி.ஆர் லெவல் சி. மாஸ்க் ஃபிற் ரெஸ்ற். ரீ.பி (கசநோய்) தோல் ரெஸ்ற் இரண்டு தரம், இடையில ஒரு கிழமையாவது விடவேணும். ஒவ்வொரு முறையும் ஊசி போட்டு 48 மணித்தியாலத்துக்கும் 72க்கும் இடையில திரும்பப் போய்க் காட்டவேணும். வியாழன் போட்டீங்களெண்டா காட்டவேண்டியது சனி, ஞாயிறில வரும், கிளினிக் பூட்டியிருக்கலாம், கவனம்.

ரூபி, 11:25
எங்களுக்கு ஊரில பிறந்தோடன பி.சி.ஜி, அந்தக் கசநோய்த் தடுப்பூசி போட்டது. தோளில தழும்பு இருக்கு.

அபி, 11:27
அதாலயும் ரெஸ்ற் பொசிற்றிவ் எண்டு காட்டலாம். பயப்பிட வேண்டாம், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுவினம். முந்தி எப்பவாவது பொசிற்றிவ் வந்த பேப்பர் இருந்தா திரும்ப ஊசி போட விடாமல் அதைக் காட்டுங்கோ.

சின்ன மாமா, 11:31
பிளேஸ்மென்ற் நேரம் பிள்ளையளை ஆர் பாக்கிறது? காலமை ஏழு மணிக்கு நிக்கவேணும் எண்டா ஆறுக்கு வெளிக்கிடவேணும். ரூபியின்ர மனுசன் லொறி ஓடுறவர்.

ரூபி, 11:33
அதுதான் மாமா பெரிய யோசினை. அவர் நிக்கிற கிழமை பிரச்சினை இல்லை.

பெரியக்கா, 11:34
நான் நைற் முடிஞ்சு எட்டுக்கு வருவன். பள்ளிக்கூடம் எட்டே முக்கால். ஆறுக்கும் எட்டுக்கும் இடையிலதான் ஆள் வேணும்.

சின்ன மாமா, 11:38
நான் எப்பிடியும் ஐஞ்சுக்கு எழும்பிறன். மாமி கேக்கிறா, பிள்ளையள் காலமை என்ன சாப்பிடுங்கள், பாணோ சீரியலோ எண்டு.