பெல்டேன் நெருப்பும் நம் ஊர்க் காப்புக்கட்டும்

கேள்வி (தேன்கனிக்கோட்டை):
அனைவருக்கும் வணக்கம். சங்கராந்தி மாலையில் வைக்கோலைக் கொளுத்தி, அலங்கரித்த மாடுகளை அந்தத் தீயைத் தாண்ட வைப்பதை மண்டியாவில் உள்ள உறவினர் ஊரில் பார்த்திருக்கிறேன். அயர்லாந்திலும் மே 1 அன்று, பெல்டேன் என்ற வசந்த விழாவில், இரண்டு நெருப்புகளுக்கு நடுவே மாடுகளை ஓட்டினார்கள் என்று அண்மையில் படித்தேன். இது என்ன நம்பிக்கை? இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில் (பென்னாகரம்):
முதலில் ஒரு திருத்தம். அயர்லாந்தின் பழங்குடிகளான கெல்டியர் கணக்கில் வசந்தம் பிப்ரவரி 1 அன்று, இம்போல்க் நாளில் தொடங்கிவிடுகிறது; பெல்டேன் கோடையின் வாசல். இம்போல்க் பின்னர் புனித பிரிஜித் திருநாளாயிற்று. கோரையில் சிலுவை முடைந்து வீட்டில் மாட்டும் வழக்கம் இன்றும் இருக்கிறது, 2023 முதல் அயர்லாந்தில் அதையொட்டி அரசு விடுமுறையும் உண்டு. பெல்டேனோ மாடுகள் கோடை மேய்ச்சலுக்குப் புறப்படும் காலம். கெல்டியரின் பூசாரிகளான துரூயிடுகள் மந்திரம் ஓதி இரண்டு நெருப்பு மூட்டியதாகவும், அவ்வாண்டின் நோய்கள் அண்டாதிருக்க அவற்றின் இடையே மாடுகளை ஓட்டியதாகவும், கி.பி. 900 அளவில் கார்மக் என்ற அயர்லாந்து மன்னரின் பெயரில் எழுந்த சொற்பொருள் நூல் கூறுகிறது.

பதில் (பாலக்கோடு):
எனக்கு நெருப்பைவிடப் பூதான் நெருக்கமாகத் தோன்றுகிறது. மே நாளுக்கு முந்தைய மாலையில் அவர்கள் மஞ்சள் பூக்களைப் பறித்து வாசலிலும் சன்னலிலும் வைத்தார்கள், சில இடங்களில் மாட்டுக்கும் கட்டினார்கள். நாம் போகியன்று ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் வேப்பிலையோடு சேர்த்துக் கூரையில் செருகிக் காப்புக் கட்டுகிறோம். அங்கே பயம் வெண்ணெயைப் பற்றியது. அண்டை வீட்டுச் சூனியக்காரியோ தேவதைக் கூட்டமோ பாலின் வளத்தைக் கவர்ந்துவிடும் என்று அஞ்சி, அன்று வீட்டிலிருந்து பாலோ நெருப்போ வெளியே கொடுக்க மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு உப்பும் தயிரும் இரவல் கேட்டு வருபவரிடம் என் மாமியார் சொல்லும் பதிலை இது நினைவூட்டுகிறது.

பதில் (பென்னாகரம்):
பாலக்கோடு அம்மா சொன்ன ஒப்புமை அழகானது. ஆயினும் தேன்கனிக்கோட்டை நண்பர் கேட்ட தொடர்புக்குச் சான்று ஏதும் இல்லை. மாட்டை நம்பி வாழ்ந்தவர்கள் எங்கிருந்தாலும் அதன் நோய்க்கும் பால் வற்றுவதற்கும் அஞ்சியிருப்பார்கள். எனக்கு அந்த விளக்கமே போதும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், கால்ட்டன் குன்றில் நடக்கும் பெல்டேன் விழாவைக் காணொளியில் பார்த்து இதுதான் பழைய சடங்கு என்று எண்ணிவிட வேண்டாம். அது 1988இல் கலைஞர்கள் புதிதாகத் தொடங்கியது. தீப்பந்தமும் முரசும் உண்டு, மாடுதான் இல்லை.