'பாய்ஸ் ஹாஸ்டல்': அபாஸ்ட்ரஃபி எங்கே வரும்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். 'பாய்ஸ் ஹாஸ்டல்' என்று எழுதும்போது அபாஸ்ட்ரஃபி குறி (’) எஸ்ஸுக்கு முன்னா, பின்னா? 'டீம்' வந்தால் பின்னால் 'இஸ்' (is) வருமா, 'ஆர்' (are) வருமா?

பதில் 1: காதை நம்பாதீர்கள், எங்கே குறி போட்டாலும் ஒலி ஒன்றுதான். யாருடையது என்ற சொல்லை முதலில் முழுசாக எழுதி முடியுங்கள், பிறகு குறி. ஒரு பையன் என்றால் பாய், குறி, எஸ். பல பையன்கள் என்றால் பாய்ஸ் முடிந்தபின் வெறும் குறி. ஹாஸ்டல் பலருக்கானது, ஆகவே பின்னால்தான். சில்ட்ரன், மென், விமென் மூன்றும் எஸ் இல்லாமலே பன்மை. அவற்றுக்குக் குறி முதலில், எஸ் அப்புறம். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இன்னொன்று: 'இட்ஸ்' உடைமைப் பொருளில் வந்தால் குறியே கிடையாது. குறி போட்டால் அது 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்'.

பதில் 2: டீம், கமிட்டி, ஃபேமிலி எல்லாம் கூட்டுப்பெயர். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'இஸ்' போடுவார்கள். பிரிட்டிஷ் வழக்கில் குழுவை ஒன்றாகப் பார்த்தால் இஸ், உள்ளே இருக்கும் ஆட்களை நினைத்தால் ஆர். ஒரே கட்டுரையில் கலக்காமல் இருந்தால் போதும். 'போலீஸ்' மட்டும் எப்போதும் ஆர். 'போலீஸ் வருது' என்று பேசிப் பழகிய நமக்கு அது உறுத்தும்.

பதில் 3: பெரிய எழுத்தையும் (கேப்பிடல் லெட்டர்) கவனியுங்கள். கிழமை, மாதப் பெயர்களுக்கு உண்டு, சம்மர், வின்டருக்கு இல்லை. அம்மாவை 'மம்' என்று பெயர்போல் கூப்பிட்டால் பெரிய எம், 'மை மம்' என்றால் சின்ன எம்.